ஜாவா 8-க்கு இலவச அப்டேட் நின்றுவிட்டது, 202-லேயே இருந்துவிடலாமா?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன். சுமார் 300 பேர் வேலை செய்யும் நிறுவனம், 40 சர்வர், எல்லாவற்றிலும் ஆரக்கிளின் ஜாவா 8. 2019 ஜனவரியோடு வணிகப் பயன்பாட்டுக்கான இலவச அப்டேட் நின்றதும் 8 அப்டேட் 202-ல் நிறுத்தி வைத்தவர்கள் அதற்கப்புறம் தொடவே இல்லை. இப்போது பாதுகாப்பு ஆய்வில் 40 சர்வருக்கும் சிவப்புக் குறி விழுந்திருக்கிறது. சந்தா வாங்குவதா, இப்படியே ஓட்டுவதா, ஒரேயடியாக ஜாவா 17-க்குப் போய்விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக இந்த மூன்றில் எதையும் செய்யாதீர்கள். அதே ஜாவா 8-லேயே இருங்கள், அதைக் கட்டித் தருபவரை, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய கோப்பாக்கித் தரும் நிறுவனத்தை, மட்டும் மாற்றுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "சப்போர்ட் முடிந்துவிட்டது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரிக்காமல் முடிவெடுத்தால் தேவையில்லாத இடத்தில் பணம் போகும், இல்லையென்றால் தேவையான இடத்தில் ஓட்டை அடைபடாமல் கிடக்கும்.

2019-ல் நின்றது ஆரக்கிள் தான் கட்டித் தரும் ஜாவா 8 கோப்புகளை வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாகப் புதுப்பித்துத் தருவது. அவ்வளவுதான் நின்றது. 202 வரைக்கும் பழைய உரிமம், பொதுவான கம்ப்யூட்டரிலும் சர்வரிலும் காசில்லாமல் ஓட்டலாம். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 211-லிருந்து உரிமமே வேறு. சொந்த உபயோகத்துக்கும், புரோகிராம் எழுதிச் சோதித்துப் பார்ப்பதற்கும் இலவசம், நிறுவன வேலைக்கு புரொடக்‌ஷனில் ஓட்டினால் சந்தா. ஆனால் ஜாவாவின் மூல நிரல் ஓபன்ஜேடிகே என்ற பெயரில் திறந்த உரிமத்தில்தான் இருக்கிறது. ஆரக்கிள் 8-ன் இலவசப் பராமரிப்பிலிருந்து விலகியதும், 2019 ஏப்ரலில் ஓபன்ஜேடிகே 8, 11 இரண்டின் பராமரிப்புக்கும் ரெட் ஹேட் தலைமை ஏற்றது. அன்றிலிருந்து ரெட் ஹேட், அமேசான், அசூல், எஸ்ஏபி போன்ற பல நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களை அந்த 8-ல் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜாவா 8-க்கு பேட்ச் ஒரு நாளும் நிற்கவில்லை, நீங்கள் வாங்குகிற கடையில்தான் இலவசம் நின்றது.

அந்த மூல நிரலைக் கட்டி, சோதித்து, இலவசமாகத் தருபவர்கள் பலர். எக்லிப்ஸ் டெமுரின் (முன்பு அடாப்ட்ஓபன்ஜேடிகே என்ற பெயரில் இருந்தது), அமேசான் கொரெட்டோ, அசூல் ஜூலு, பெல்சாஃப்ட் லிபெரிகா எல்லாவற்றிலும் 8 கிடைக்கிறது. "இலவசமாகத் தருகிறார்களே, அதே தரம் இருக்குமா" என்று மேலதிகாரி நிச்சயம் கேட்பார். ஜாவா என்ற பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய சோதனைத் தொகுப்பு உண்டு, டெமுரினும் கொரெட்டோவும் ஜூலுவும் அதில் தேறித்தான் வெளியே வருகின்றன என்று சொல்லுங்கள். லினக்ஸ் சர்வர் என்றால் உங்கள் டிஸ்ட்ரோவே (நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் பதிப்பே) ஒரு ஓபன்ஜேடிகே வைத்திருக்கும், அதுவும் போதுமானது.

சரி, சந்தா ஏன் வேண்டாம் என்கிறேன்? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2023 ஜனவரிக்கு முன்னால் பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு மாதம் 25 டாலர். உதாரணத்துக்கு 4 பிராசஸர் என்றால் வருடத்துக்கு 1,200 டாலர், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் கணக்கே மாறியது, இப்போது ஊழியர் தலைக்கு விலை. 999 பேர் வரைக்கும் ஒரு தலைக்கு மாதம் 15 டாலர். 300 பேர் என்றால் வருடம் 54,000 டாலர். ஜாவா இரண்டே சர்வரில் ஓடினாலும் அதே 54,000 தான். இந்த 'ஊழியர்' என்ற சொல்லில் பகுதிநேரக்காரர்கள், தற்காலிகமாக வந்தவர்கள், உங்கள் உள்வேலைக்கு உதவும் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் அடக்கம். ஜாவா என்ற பெயரையே கேள்விப்படாத கணக்குப் பிரிவுக்காரருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். இதைச் சொன்னால் மேலதிகாரி உடனே கேட்டுக்கொள்வார், இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. ஆரக்கிளின் சில தயாரிப்புகளோடு வரும் ஜாவாவை அந்தத் தயாரிப்புக்காக மட்டும் ஓட்டும் உரிமை அந்தத் தயாரிப்பின் உரிமத்திலேயே இருக்கும். வெப்லாஜிக் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொட வேண்டாம்.

அப்படியே 202-ல் ஓட்டுவது சட்டப்படி சரி. பாதுகாப்பில் அது ரொம்பவும் மோசமான தேர்வு, நான் இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2019 ஜனவரிக்குப் பிறகு வந்த எந்தத் திருத்தமும் அதில் இல்லை. ஓட்டையை விடுங்கள், தினசரி வேலையிலேயே இடிக்கும். தகவலைப் பூட்டி அனுப்பும் முறையான டிஎல்எஸ்-ன் 1.3 பதிப்பு ஜாவா 8-க்கு வந்ததே 2020-ல்தான், ஆரக்கிளில் ஜூலையில், ஓபன்ஜேடிகேயில் அக்டோபரில். உங்கள் 202-க்கு அது தெரியாது. எதிர்த்தரப்பு ஒருநாள் "1.3 மட்டும்தான்" என்று முடிவெடுத்தால் இணைப்பு அன்றைக்கே அறுந்துவிடும். நேர மண்டலப் பட்டியலும் அப்படித்தான். மெக்சிகோ 2022 அக்டோபரோடு நாட்டின் பெரும்பகுதியில் கோடைகால நேரத்தைக் கைவிட்டது, 202-க்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. அங்கே ஒரு வாடிக்கையாளர் இருந்தால் வருடத்தில் பாதி நாள் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும், காரணம் தெரியாமல் யாராவது நிரலில் 'ஒரு மணி நேரம் கழி' என்று எழுதி வைப்பார்கள், அது அதைவிடப் பெரிய தலைவலி.

17-க்குத் தாவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போக வேண்டியதுதான், ஆனால் அது தனி வேலை, மாதக்கணக்கில் ஆகும். 11-லேயே எக்ஸ்எம்எல் சம்பந்தப்பட்ட ஜேஏஎக்ஸ்பி (JAXB) வெளியே எடுக்கப்பட்டுவிட்டது, 15-ல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நாஷார்ன் போனது, 17-ல் ஜாவாவின் உள்பகுதிகளைக் கைவைக்கும் பழைய லைப்ரரிகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. பழைய ஸ்பிரிங், பழைய ஹைபர்னேட் லைப்ரரிகளை வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே விழும். இன்னொன்று, "17 இலவசம்" என்று நினைத்து ஆரக்கிள் பக்கத்திலிருந்தே இறக்கினால் இதே குழியில் மறுபடி விழுவீர்கள். அந்த இலவச உரிமம் அடுத்த நீண்டகால வெளியீடு வந்து ஒரு வருடம் வரைக்கும்தான். 21 வந்தது 2023 செப்டம்பரில், அதனால் 17-க்கான இலவசம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. 25 வந்தது 2025 செப்டம்பரில், எனவே 21-க்கு 2026 செப்டம்பர் வரை. இந்தத் தேதிகளைத் துரத்திக்கொண்டு எந்த நிறுவனமாவது பெரிய வெர்ஷனை மாற்றிக்கொண்டே இருக்குமா? அதனால்தான் முதலில் கட்டித் தருபவரை மாற்றுங்கள் என்கிறேன். இரண்டையும் ஒரே வார இறுதியில் மாற்றினால், திங்கட்கிழமை எது உடைந்தாலும் கட்டித் தருபவர் மாறியதாலா வெர்ஷன் மாறியதாலா என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடும்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் எண்ணுங்கள். 40 சர்வரில் 40 ஜாவாதான் இருக்கும் என்று நம்பாதீர்கள், இரட்டிப்பாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வாங்கிய சாஃப்ட்வேர் தன் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ஜேஆர்இ (ஜாவா நிரலை ஓட்டும் தொகுப்பு) வைத்திருக்கும், யாரோ 2016-ல் ஹோம் டைரக்டரியில் விரித்துப்போட்ட ஒன்று கிடக்கும், இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்படி வைத்த கிரான் வேலை அதைத்தான் முழுப் பாதையோடு அழைத்துக்கொண்டிருக்கும். பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்க்காமல் டிஸ்க் முழுக்க ஜாவா என்ற இயக்கு கோப்பைத் தேடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்கள் எந்தப் பாதையிலிருந்து வந்தவை என்றும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வெர்ஷன் கேட்டால் இரண்டாவது வரியில் 'ஓபன்ஜேடிகே ரன்டைம்' என்று வந்தால் அது சுதந்திரமானது, 'ஜாவா டிஎம்' என்று வந்தால் ஆரக்கிளுடையது. பயனாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஆரக்கிளின் ஆட்டோ அப்டேட்டர் உட்கார்ந்திருந்தால், யாராவது 'சரி' என்று அழுத்திய ஒரு கிளிக்கில் 202 புதிய உரிமத்துக்குள் போயிருக்கும். அந்தக் கம்ப்யூட்டர்கள்தான் முதலில் மாற வேண்டியவை.

எண்ணும்போதே ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலிலிருந்து ஆரக்கிளின் எண்ணும் ஓபன்ஜேடிகேயின் எண்ணும் ஒன்றாகப் போவதில்லை. அந்த ஏப்ரலில் அங்கே 211, இங்கே 212. 2021 ஏப்ரலில் அங்கே 291, இங்கே 292. ஆய்வு செய்யும் கருவி ஆரக்கிள் எண்ணை வைத்து 'இது பழையது' என்று கத்தினால் பதறாமல் ஓபன்ஜேடிகே வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து அந்தத் திருத்தம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மாற்றும்போது எங்கே இடிக்கும் என்பது. பெரும்பாலான சர்வர் அப்ளிகேஷன்களுக்கு இது வெறும் பாதை மாற்றம், அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட்டுக்கு ஒரு ரீஸ்டார்ட், முடிந்தது. இடிக்கும் இடங்கள் சிலவே. ஸ்டார்ட் கட்டளையில் 'அன்லாக் கமர்ஷியல் ஃபீச்சர்ஸ்' என்ற சுவிட்ச் இருந்தால் ஓபன்ஜேடிகே அதைத் தெரியாது என்று சொல்லி எழுந்திருக்கவே மறுக்கும், எடுத்துவிடுங்கள். ஃப்ளைட் ரெக்கார்டர் (ஓடும்போதே செயல்பாட்டைப் பதிவு செய்யும் வசதி)தான் தேவை என்றால் அது 2020 ஜூலையின் 262-லிருந்து ஓபன்ஜேடிகே 8-லேயே இருக்கிறது. ஜாவாஎஃப்எக்ஸ் என்ற திரை அமைக்கும் லைப்ரரியில் செய்த திரைகள் இருந்தால் டெமுரினில் அது கிடையாது, லிபெரிகாவின் முழுப் பதிப்பை எடுங்கள். இணையப் பக்கத்திலிருந்து ஜாவா அப்ளிகேஷனைத் தொடங்கும் வெப் ஸ்டார்ட் எதிலும் இல்லை, அதற்கு ஓபன்வெப்ஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் உள் சான்றிதழை யாரோ பழைய ஜாவாவின் சிஏசெர்ட்ஸ் என்ற நம்பகச் சான்றிதழ் கோப்புக்குள் திணித்து வைத்திருப்பார்கள், புதியதில் அது இருக்காது, உள் சர்வர்களோடு பேசும் எல்லாமே நம்பிக்கையில்லை என்று கைவிரிக்கும். அந்தச் சான்றிதழ்களைத் தனிக் கோப்பில், ஜாவா ஃபோல்டருக்கு வெளியே வைத்து ஸ்டார்ட் கட்டளையில் காட்டிவிடுங்கள். இன்றைக்கு ஒருமுறை செய்தால் இனி எந்த அப்டேட்டிலும் இந்தப் பிரச்சினை வராது.

எனக்கு மறக்காதது எழுத்துரு விஷயம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சம்பளச் சீட்டை பிடிஎஃப்பாக அச்சிடும் சர்வரை மாற்றினோம். முதலில் சீட்டே வரவில்லை, பிழை. எழுத்துருவைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் என்ற சின்ன பேக்கேஜ் அந்த லினக்ஸில் இல்லை, அதுதான் காரணம், போட்டதும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் மாலை கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா இரண்டு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பழையதில் '1,24,560.00' என்று இருந்த நிகரத் தொகை புதியதில் '1,24,560.' என்று நின்றிருந்தது. ஆரக்கிளின் ஜாவாவோடு லூசிடா எழுத்துரு சேர்ந்து வரும், ஓபன்ஜேடிகேயோடு வராது. அது இல்லாததால் சர்வரில் இருந்த டேஜாவூ எழுத்துருவை எடுத்துக்கொண்டது, டேஜாவூ அகலமானது, கட்டத்துக்குள் கடைசி இரண்டு எழுத்து அடங்கவில்லை, வெட்டிவிட்டது. லாகில் ஒரு பிழையும் இல்லை, கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. அந்த அம்மா பைசா வரை பார்க்கிறவர் என்பதால் தப்பித்தோம். அப்ளிகேஷனோடு சேர்த்து எங்கள் எழுத்துருவையே அனுப்புவது என்று அன்று மாற்றினோம். உங்களிடம் பில், சீட்டு, அறிக்கை என்று எதை அச்சிடும் சர்வர் இருந்தாலும், பழையதில் ஒன்று புதியதில் ஒன்று எடுத்து, இரண்டையும் அதைத் தினமும் பார்க்கிறவரின் கையில் கொடுங்கள்.

இன்னொன்று டிஎல்எஸ். 2021 ஏப்ரல் அப்டேட்டில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் தாமாகவே அணைக்கப்பட்டன. நீங்கள் 202-லிருந்து நேராக இன்றைய வெளியீட்டுக்குத் தாண்டுவதால் இது உங்களுக்கு முதல் நாளே வரும். பழைய டேட்டாபேஸ் சர்வர் 1.0 மட்டும் பேசுகிறதென்றால் அப்ளிகேஷன் எழுந்து நிற்கும், லாகின் செய்ததும் 'தகுந்த புரோட்டோகால் இல்லை' என்று விழும். சரியான வழி அந்த டேட்டாபேஸையும் அதன் டிரைவரையும் புதுப்பிப்பதுதான். அதற்கு நாள் ஆகும் என்றால் தடைப் பட்டியலிலிருந்து 1.0-வை அந்த ஒரு அப்ளிகேஷனுக்கு மட்டும் தற்காலிகமாக எடுக்கலாம். ஆனால் ஜாவா ஃபோல்டருக்குள் இருக்கும் செக்யூரிட்டி கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட் அதன் மேலேயே எழுதிவிட்டுப் போகும், மூன்று மாதம் கழித்து அதே பிழை வரும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. வெளியே ஒரு சின்னக் கோப்பு வைத்து, அதை ஸ்டார்ட் கட்டளையில் செக்யூரிட்டி ப்ராப்பர்ட்டீஸ் என்று சுட்டிக்காட்டலாம். அதன் முதல் வரியில் ஏன் திறந்தோம், எந்தத் தேதிக்குள் மூட வேண்டும், யார் பொறுப்பு என்று எழுதுங்கள்.

இதெல்லாம் ஒருமுறை செய்யும் வேலை. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதை எடுத்துப் போடும் பழக்கம் இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடத்தில் வேறொரு எண்ணில் இதே நிலைமையில் நிற்பீர்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஆரக்கிளின் பாதுகாப்பு அறிவிப்பு வரும், ஓபன்ஜேடிகே திருத்தங்களும் அதை ஒட்டியே வெளியாகும், கட்டிய கோப்புகள் அடுத்த சில நாட்களில் கிடைத்துவிடும். நான் செய்வது இப்படி: வந்த வாரமே டெஸ்ட் சர்வரில் போட்டு ஒரு வாரம் ஓட விடுவேன். அடுத்த வாரம் ஜோடியாக ஓடும் புரொடக்‌ஷன் சர்வர்களில் ஒன்றில், இரண்டு மூன்று நாள் கழித்து மற்றதில். ஒவ்வொரு ஜாவாவும் வெர்ஷன் பெயரோடு தனி ஃபோல்டரில், 'கரன்ட்' என்ற சிம்லிங்க் (குறுக்குவழி) மட்டும் புதியதைக் காட்டும். ஏதாவது கோளாறு என்றால் சிம்லிங்கைப் பழையதற்குத் திருப்பி ரீஸ்டார்ட், ஒரு நிமிட வேலை. பின்வாங்குவது இவ்வளவு சுலபமாக இருந்தால்தான் முன்னால் போகத் தைரியம் வரும். நாலு தேதியையும் வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் போட்டு, மாத முடிவுக் கணக்கோடு மோதாமல் கணக்குப் பிரிவிடம் பேசி வைத்துவிடுங்கள்.

பணம் கட்டுவது சரியான முடிவாக இருக்கும் இடங்களும் உண்டு. நடு இரவில் போன் எடுத்துப் பேச ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று உங்கள் தொழில் விதி சொன்னால் கட்டுங்கள், அப்போதும் ஒரு நிறுவனத்திடம் மட்டும் விலை கேட்காதீர்கள், அசூலும் பெல்சாஃப்டும் ஓபன்ஜேடிகேவுக்கு சப்போர்ட் விற்கிறார்கள், ரெட் ஹேட் லினக்ஸ் சந்தா ஏற்கெனவே வைத்திருந்தால் அதிலேயே அவர்களுடைய ஓபன்ஜேடிகேவுக்கான சப்போர்ட் அடக்கம். வாங்கிய சாஃப்ட்வேருக்கு அதை விற்றவர் "ஆரக்கிள் ஜாவாவில் மட்டும்தான் உத்தரவாதம்" என்று எழுத்தில் சொன்னால், அந்த உரிமச் செலவு யாருடையது என்றும் எழுத்திலேயே கேளுங்கள். கேட்டதுமே பலர் டெமுரினில் சோதித்துப் பார்த்து சரி என்றுவிடுகிறார்கள்.

ஒரு பின்கேள்வியில், விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கும் இதே வழிதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் இலவச சப்போர்ட் முடிந்தது, மூல நிரல் திறந்ததில்லை, எனவே வேறொருவர் கட்டித் தர வழியே கிடையாது. நிறுவனங்களுக்கு நீட்டிப்பு முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருடம். கட்டுங்கள், இல்லை விண்டோஸ் 11-க்குப் போங்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இருந்தால் அது ஜாவா மாதிரி, 2024 ஜூன் 30-ல் முடிந்தாலும் அந்தக் குடும்பத்து மூல நிரலிலிருந்து அல்மா, ராக்கி என்று கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த லினக்ஸ்கள் 8-ம் பதிப்பிலிருந்து தொடங்குவதால் வெர்ஷனும் சேர்ந்து மாறும், திட்டமிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் 40-ல் எதிலிருந்து தொடங்குவது? உள் உபயோகத்துக்கு மட்டும் இருக்கும், விழுந்தால் நாலு பேர் மட்டும் குறை சொல்லும் ஒரு சர்வரை இந்த வாரமே மாற்றிப் பாருங்கள். அடுத்து இணையத்தைப் பார்த்தபடி நிற்கும் சர்வர்கள், அவைதான் அவசரம். வங்கிக்குக் கோப்பு அனுப்பும் சர்வர் என்று ஒன்றைக் குறிப்பிட்டிருந்தீர்கள், அதை மாற்றும் முன் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவிடம் எந்த டிஎல்எஸ், எந்தச் சான்றிதழ் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுடைய டெஸ்ட் முகவரிக்கு ஒரு கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் அதில் கை வையுங்கள்.